பன்னிரண்டு எபிசோடு பார்த்தவள்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பேன். பல் தேய்ப்பேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுவேன். ஒரு தோசை, சில நாள் இரண்டு. தட்டைக் கழுவிக் கவிழ்ப்பேன். கேஸை மூடுவேன். ஏழு பத்துக்குத் திண்டிவனம் ரயில் நிலையத்தில் நிற்பேன். விழுப்புரத்தில் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. வருகிற பாலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தண்ணீர் என்று அளந்து சொல்ல வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் படித்ததற்குக் கிடைத்தது. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

என் பெயர் சந்தோஷ். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மனைவி சூர்யகலா செத்து ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சல். நான்கு நாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வணக்கம். தமிழ்–கொரியப் பண்பாட்டு உறவுப் பேரவை, விழுப்புரம் மாவட்டத் தலைமையகம். செயலாளர் சவுரிராயன் பேசறேன். சூர்யகலா மேடம் இருக்காங்களா?"

"இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க."

"சார், முதல் பரிசு சார்! 'ஒரு பார்வையாளரின் பதிவுகள்' கட்டுரைப் போட்டியில. நேர்ல வந்து வாங்கலைன்னா ரெண்டாவது ஆளுக்குப் போயிடும். மேடம் வெளியூரா?"

"செத்துட்டாங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. மூன்று நான்கு பக்கம் புரண்டிருக்கும்.

"அதுக்கு விதியில ஒண்ணும் போடலையே சார்," என்றார். "நீங்க ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."

போட்டி எனக்கு நினைவிருந்தது. சூர்யகலா சாயந்திரங்களில் பூண்டு உரித்துக்கொண்டே கொரியத் தொடர் ஒன்று பார்ப்பாள். காதல், காமெடி. பதினாறு எபிசோடு. அதன் பெயர் எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. கதாநாயகன் எப்போதும் குடையோடு வருவதால் 'குடைக்காரன்' என்று வைத்துக்கொண்டாள். போட்டிக்குக் கடைசித் தேதி வந்தபோது பன்னிரண்டு எபிசோடு முடித்திருந்தாள். அதோடு எழுதிக் கொடுத்துவிட்டாள். மீதி நாலை அந்த வாரம் பார்ப்பதாக இருந்தாள். அந்த வாரம் காய்ச்சல் வந்தது.

கையெழுத்துப் படிதான் வேண்டும், நகல் கூடாது என்பது போட்டி விதி. நூறு பக்க நோட்டையே கொடுத்துவிட்டாள். எனக்குக் காட்டவில்லை. பரிசு வந்தால் காட்டுகிறேன் என்றாள். வராவிட்டால்? கிழித்துப் போடுவேன் என்றாள்.

அவள் கையெழுத்தில் என்னிடம் இருந்தவை மளிகைப் பட்டியல் மூன்றும் கேஸ் புத்தகத்தில் ஒரு கையொப்பமும். பரிசு எனக்கு வேண்டாம். நோட்டு வேண்டும். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

பேரவை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. ஒரே அறை. சுவரில் கொரியா வரைபடமும் அதன் மேல் சந்தனப் பொட்டும் இருந்தன. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் மாசிலாமணி. துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் யார் எதைச் சொன்னாலும் 'பரிசீலிக்கப்படும்' என்றுதான் சொல்வாராம். இடப்பக்கம் மகளிர் அணிப் பொறுப்பாளர் அம்சவள்ளி. நூற்றுப் பதினான்கு கொரியத் தொடர் பார்த்தவர் என்று அவர் பெயர்ப் பலகையிலேயே எழுதியிருந்தது. வலப்பக்கம் போனில் பேசிய சவுரிராயன். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். கையில் கரும்பலகையில் வைத்து வரைகிற பெரிய மரக் கோணமானி.

"வணக்கங்க," என்றேன்.

"இங்க அது செல்லாது சார். குனிஞ்சு வணங்கணும்," என்று எழுந்து வந்தார் சவுரிராயன். "கொரிய முறை. சாதாரண ஆளுக்கு நாப்பத்தஞ்சு டிகிரி. தலைவருக்குத் தொண்ணூறு."

குனிந்தேன். அவர் கோணமானியை என் இடுப்பில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அறுபத்திரண்டு. இன்னும் கொஞ்சம்."

"பாவம் வுடுங்க சார்," என்றார் அம்சவள்ளி. "பொண்டாட்டிய பறி கொடுத்துட்டு நிக்குது அந்தத் தம்பி. துக்கக்காரங்களுக்கு ஒரு பத்து டிகிரி தள்ளுபடி குடுக்கக்கூடாதா?"

"விதியில இல்லீங்களே."

"பரிசீலிக்கப்படும்," என்றார் மாசிலாமணி. தொண்ணூறு வரும்வரை பரிசீலித்தார்.

பிறகு உட்காரச் சொன்னார்கள். சவுரிராயன் தலைவரை எனக்கு அறிமுகம் செய்தார். "தலைவர் கொரியாவுக்கு ரொம்ப கிட்டத்துல போய் வந்தவரு சார். மீனம்பாக்கம் வரைக்கும். பாஸ்போர்ட்டுல ஒரு சின்ன சிக்கல்."

"சிக்கல் அவங்களுக்குத்தான்," என்றார் மாசிலாமணி. "நான் வராததுல நஷ்டம் கொரியாவுக்கு."

நோட்டு மேசையில் இருந்தது. பழுப்பு அட்டை. மூலையில் பூண்டுத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, "பரிசை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார். நோட்டு மட்டும் போதும்," என்றேன்.

"அப்பிடி வராது தம்பி. பரிசு வேணாம்னா போட்டியிலேர்ந்து வெலகினதா அர்த்தம். வெலகினவங்க கட்டுரைய அழிச்சிடணும். விதி ஒம்பது."

"சரி, பரிசையும் வாங்கிக்கறேன்."

"அங்கதான் பேஜாரு," என்றார் சவுரிராயன். "பரிசு நிறைவுப் பார்வையாளருக்கு மட்டுந்தான். முழுசாப் பாத்திருக்கணும். மேடம் பன்னெண்டோட நிறுத்திட்டாங்க. அவங்களே எழுதிட்டாங்க பாருங்க, முதல் பக்கத்துலயே. மறைச்சிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப எப்பிடி முதல் பரிசு குடுத்தீங்க?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "மொத்தம் வந்தது ரெண்டு கட்டுரை. இன்னொண்ணு என் மருமக எழுதுனது. அதுக்குக் குடுத்தா ஊருல பேசுவாங்க. பேரவை நேர்மையில எந்தச் சமரசமும் பண்ணிக்காது. அதனால இதுக்குக் குடுத்தோம். படிச்சுப் பாத்தது அப்புறம்தான்."

படித்துப் பார்த்ததில் சிக்கல்கள் இருந்தனவாம். வாரிசு முன்னிலையில் சீராய்வு செய்ய வேண்டுமாம். சவுரிராயன் நோட்டைத் திறந்து, வகுப்பில் சொல்வதெழுதுதல் போடுகிற குரலில் படிக்கத் தொடங்கினார். புள்ளிகளையும் சேர்த்துப் படித்தார்.

ஏழு மாதத்துக்குப் பிறகு சூர்யகலா பேசினாள். சவுரிராயன் குரலில்.

"'இந்த நாட்டில் எல்லோரும் எந்நேரமும் சாப்பிடுகிறார்கள் முற்றுப்புள்ளி. ஒருவர்கூடப் பாத்திரம் கழுவுவதில்லை முற்றுப்புள்ளி. பன்னிரண்டு எபிசோடும் இதற்காகவே கவனித்துப் பார்த்தேன் முற்றுப்புள்ளி.'"

"நட்பு நாட்டு மேல அவதூறு," என்றார் மாசிலாமணி.

"இல்ல சார்," என்றார் அம்சவள்ளி. "நூத்திப் பதினாலு சீரியல்ல ஒரே ஒரு சீன்ல கழுவறாங்க. அதுவும் புருசங்கூட சண்டை போட்டுக்கினு. நாலு தட்டு ஒடையுது."

"அப்ப ஆதாரம் இருக்குது. குறிப்புல ஏத்துங்க. அடுத்தது."

"'கதாநாயகன் பெரிய கம்பெனி முதலாளி முற்றுப்புள்ளி. அங்கே என்ன செய்கிறார்கள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை முற்றுப்புள்ளி. எல்லோரும் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள் முற்றுப்புள்ளி.'"

"இதுல இன்னா தப்பு?" மாசிலாமணிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நாங்க முப்பத்தாறு வருசம் அப்பிடித்தான் நடந்தோம். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா?"

"'அவனுடைய அம்மா கதாநாயகி முகத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டாள் முற்றுப்புள்ளி. எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது முற்றுப்புள்ளி. எனக்குக் கதாநாயகி மேல் இரக்கம் வரவில்லை கமா தண்ணீர் மேல் வந்தது முற்றுப்புள்ளி.'"

அம்சவள்ளி சிரித்துவிட்டார். மாசிலாமணி பார்த்ததும் சிரிப்பை முந்தானையால் துடைத்தார்.

"'பத்து எபிசோடு ஆகியும் கையைப் பிடிக்கவில்லை முற்றுப்புள்ளி. மணிக்கட்டைப் பிடித்துத்தான் இழுக்கிறான் முற்றுப்புள்ளி. எங்கள் ஊரில் சந்தையில் மாட்டைக்கூட இப்படி இழுக்க மாட்டார்கள் கமா விலை குறைந்துவிடும் முற்றுப்புள்ளி. என் வீட்டுக்காரர் என்னோடு உட்கார்ந்து பார்த்தார் முற்றுப்புள்ளி. நாலாவது எபிசோடில் தூங்கிவிட்டார் முற்றுப்புள்ளி. தொடரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன் முற்றுப்புள்ளி. தூங்குகிற முகம் கதாநாயகன் முகத்தைவிடப் பரவாயில்லை முற்றுப்புள்ளி.'"

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க," என்றார் மாசிலாமணி. "ஒரு நாட்டோட கதாநாயகனை ஒரு தனிநபரோட ஒப்பிடறது. அதுவும் தூங்கிக்கினு இருக்கற தனிநபரோட. நாளைக்குத் தூதரகத்துலேர்ந்து ஆள் வந்து கேட்டா யார் பதில் சொல்றது? அடிங்க அதை."

சவுரிராயன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"பேனாவ மூடுங்க," என்றேன்.

"ஒரே ஒரு வரிதான் சார், நீட்டா ஸ்கேல் வெச்சு..."

"மூடுங்க சார்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றது. சவுரிராயன் மூடினார்.

"மிரட்டறாரு. குறிப்புல ஏத்துங்க," என்றார் மாசிலாமணி.

அம்சவள்ளி நடுவில் வந்தார். "ஒரு வெள்ளைத்தாள வெச்சு அந்த நாலு வரிய மறைச்சு குண்டூசி குத்திடலாம் சார். எழுத்தும் அழியாது, தூதரகத்துக்கும் தெரியாது." அப்படியே செய்தார்கள். அந்த அறையில் அறிவுள்ள ஆள் அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். பின்னால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மீதி நாலு எபிசோடையும் வாரிசு பார்த்து நிறைவு செய்யலாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் பார்த்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. பேரவைப் பிரதிநிதிகள் இருவர் கூடவே உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்து, சான்று தர வேண்டும். அதன்பிறகு விழுப்புரத்தில் படத்திறப்பு விழா. அந்த மேடையில் நான் பேச வேண்டும். பேசி முடித்ததும் நோட்டு என் கையில் கொடுக்கப்படும். பேசாவிட்டால் விதி ஒன்பது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். 'மறைந்த பார்வையாளரின் வாரிசு நிறைவு செய்யும் படிவம்.' பதினான்கு கலங்கள். மறைந்தவருக்குப் பிடித்த கொரிய உணவு. சாப்பிட்டதில்லை என்று எழுதினேன். மறைந்தவரின் கொரிய மொழி அறிவு. இல்லை என்று எழுதினேன். பதினான்காவது கலம்: 'மறைந்தவரின் கடைசி வார்த்தைகள் – கொரியா தொடர்பானவை மட்டும்.'

அதைக் காலியாக விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சவுரிராயனும் அம்சவள்ளியும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சவுரிராயனிடம் ஸ்டாப் வாட்ச், பதிவேடு, ஸ்டாம்ப் பேடு. அம்சவள்ளி கையில் ஒரு தூக்கு நிறைய வேர்க்கடலை.

"மல்லாட்டை அவிச்சு எடுத்தாந்தேன் தம்பி. நாலு எபிசோடுன்னா நாலரை மணி நேரம் ஆவும். வாய் சும்மா இருந்தா மனசு எங்கயாவது போவும்."

சூர்யகலா உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில் சவுரிராயன் உட்கார்ந்தார். போனை டிவியோடு இணைத்தேன். அவள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கியது.

பதிமூன்றாவது எபிசோடில் கதாநாயகிக்குக் காய்ச்சல். மழையில் நனைந்ததால். குடைக்காரன் அன்றைக்கு மட்டும் குடை கொண்டுவரவில்லை. அவன் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டான். கஞ்சி வைத்தான். பொங்கி வழிந்தது, காமெடி. பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினான். விடிந்தது. அவள் எழுந்து சோம்பல் முறித்தாள். காய்ச்சல் இல்லை.

"இன்னா அன்பு பாருங்க," என்றார் அம்சவள்ளி கண்ணைத் துடைத்து. "துணிய நனைச்சுப் போட்டே சரி பண்ணிட்டான்."

சவுரிராயன் அவர் முழங்கையை லேசாக இடித்தார். அம்சவள்ளி என்னைப் பார்த்தார். மல்லாட்டையை என் பக்கம் நகர்த்தினார். நான் இரண்டு எடுத்து உரித்தேன்.

பதினான்காவது எபிசோடில், மொட்டை மாடியில், பனி கொட்டும்போது, இருவரும் மெதுவாக நெருங்கினார்கள். சவுரிராயன் பாய்ந்து எழுந்தார்.

"வருது வருது. மேடம், எழுந்திருங்க ஜல்தி."

"எங்க சார் போறீங்க?" என்றேன்.

"முத்தக் காட்சியில பேரவை வெளிநடப்பு. இது தொடக்கத்துலேர்ந்து உள்ள மரபு. பண்பாட்டு உறவுதான் நம்ம நோக்கம், இது இல்ல."

இருவரும் வெளியே போய் கேட்டருகே வெயிலில் நின்றார்கள். அம்சவள்ளி தலையில் முந்தானை. ஆவணி வெயில். டிவியில் கோட்டும் கம்பளிச் சால்வையும் போட்டுக்கொண்டு அவர்கள் நின்றார்கள். காமிரா சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று பக்கத்திலிருந்து அதே முத்தத்தைக் காட்டினார்கள்.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டிலிருந்து சவுரிராயன்.

"இல்லைங்க."

"இப்ப?"

"இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி."

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி, "யாருங்க, இன்னா வேணும்?" என்று குரல் கொடுத்தார்.

"முத்தம் முடியறதுக்குக் காத்துக்கினு இருக்கறோம்மா," என்றார் சவுரிராயன். அன்று சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்தது.

உள்ளே வந்ததும் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. அவர்கள் இல்லாதபோது நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை. அரைமணி நேரம் விவாதித்து, 'மூன்று நிமிடம் நாற்பது விநாடி நீங்கலாக, அந்நேரம் வாரிசு தன் மனசாட்சிப்படி பார்த்தார்' என்று எழுதி முத்திரை வைத்தார்கள். வெளியே போகும்போது அம்சவள்ளி ஜன்னல் கொக்கியைத் தூக்கிவிட்டுப் போயிருந்தார் என்பதைப் பிறகு கவனித்தேன். அந்த ஜன்னல் வழியாகக் கேட்டிலிருந்து டிவி தெரியும். நூற்றுப் பதினான்கு தொடரை அவர் எப்படிப் பார்த்து முடித்தார் என்று புரிந்தது.

பதினைந்தாவது எபிசோடில் கதாநாயகன் காரணமே சொல்லாமல் வெளிநாடு போனான். சொல்லியிருந்தால் எபிசோடு மிச்சமாகியிருக்கும். பதினாறாவதில், 'ஒரு வருடம் கழித்து' என்று எழுத்துப் போட்டார்கள். இரண்டு விநாடி. அவ்வளவுதான். கதாநாயகி முடியை வெட்டிக்கொண்டு, புதுக் கோட்டுப் போட்டு, சிரித்துக்கொண்டு நடந்து வந்தாள். மழை வந்தது. தலைக்கு மேல் குடை வந்தது.

சவுரிராயன் விம்மி அழுதார். ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது.

"மேடம் இதைப் பாக்காம போயிட்டாங்களே சார்," என்றார். அந்த ஏழு மாதத்தில் அவளைப் பற்றி என்னிடம் ஒருவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். பிறகு என் வலது கட்டைவிரலை ஸ்டாம்ப் பேடில் அழுத்தினார். பட்டதாரி, கையெழுத்துப் போடுவேன் என்றேன். கையெழுத்து அழுதுகொண்டே போட்டால் மாறிவிடும், கைரேகை மாறாது என்றார். நான் அழவில்லை என்றேன். விதி எல்லோருக்கும் பொது என்றார்.

படத்திறப்பு, அடுத்த ஞாயிறு காலை பத்தரை. விழுப்புரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். வாசலில் பிளெக்ஸ் பேனர். பன்னிரண்டு அடி உயரம். அதில் இருபத்து மூன்று முகங்கள். எல்லாம் பேரவை நிர்வாகிகள். மாசிலாமணி முழு உருவமாக விமானப் படிக்கட்டில் நின்று கையசைத்தார். கீழே வலது மூலையில், ஐந்து ரூபாய் நாணயம் அளவில் சூர்யகலா. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். பிளெக்ஸ் கடைக்காரர் கழுத்துக்குக் கீழே ரோஸ் நிறக் கொரிய உடையை ஒட்டியிருந்தார். அவளுக்கு ரோஸ் பிடிக்காது.

அதன் கீழே எழுத்துகள்: 'கடைசி மூச்சிலும் தமிழும் கொரியமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முழங்கிய வீரமங்கை.'

"இதை அவ சொல்லல," என்றேன் மாசிலாமணியிடம்.

"பதினாலாம் கலம் காலியா இருந்துது தம்பி," என்றார் பரிவாக. "என் சர்வீஸ்ல ஒரு கலத்தைக்கூட நான் காலியா வுட்டதில்ல. பொறந்த தேதி தெரியாத ஆளுக்கெல்லாம் நானே பொறந்த தேதி போட்டிருக்கேன். ஒருத்தர்கூட வந்து மறுத்ததில்ல."

கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். "மைக்குல இதைப் படிச்சாப் போதும். கணவர் வாயாலயே வந்தா சென்னைக்கு அனுப்பற அறிக்கையில நல்லா இருக்கும். படிச்சதும் நோட்டு உங்க கையில." அட்டையில் அதே முழக்கம். முழங்கும்போது வலது கையை உயர்த்தவும் என்று பென்சிலில் குறிப்பு.

மண்டபத்தில் முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு. மேடையில் தூதரக விருந்தினருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் வரவில்லை. அழைத்தார்களா என்பதும் தெரியவில்லை. நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். மொத்தம் பதிமூன்று பேரைக் கௌரவிக்க வேண்டும், பொன்னாடை நாலுதான். போர்த்தியவர் மேடையை விட்டு இறங்கியதும் பின்பக்கமாக ஓர் ஆள் உருவிக்கொண்டு ஓடி மறுபடி தாம்பாளத்தில் வைத்தார். மூன்றாவது சுற்றில் மாசிலாமணிக்கு அவர் தோளிலிருந்து எடுத்த பொன்னாடையே திரும்பி வந்தது. முதல்முறை பார்ப்பது போல நெகிழ்ந்தார்.

பிறகு பேசினார்.

"இந்தப் பேரவை தொடங்கி ஆறு வருசம் ஆவுது. இதுவரைக்கும் நாம ஒரு கொரியரைக்கூட நேர்ல பாத்ததில்ல. அப்பிடி இருந்தும் உறவு பலமாத்தான் இருக்குது. ஏன்? யாரும் யாரையும் தொந்தரவு பண்றதில்ல. என் வீட்டுலயே பாருங்க, நானும் என் பையனும் பேசி நாலு வருசம் ஆவுது. உறவு அப்பிடியே இருக்குது. இந்தச் சூர்யகலா மேடத்தை நான் பாத்ததில்ல. அவங்க எழுத்தை முழுசாப் படிச்சதும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். உயிரோட இருந்திருந்தா இந்தக் கட்டுரைய நாங்க நிராகரிச்சிருப்போம். அவங்க மறைவுதான் இதைக் காவியமாக்கிச்சு. அவங்களுக்கு நம்ம நன்றி."

கைதட்டினார்கள். அம்சவள்ளி மட்டும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைத் திறந்தார்கள். பெரிய படத்திலும் ரோஸ் உடை. படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல், அதில் நோட்டு, நோட்டின் மேல் சாமந்தி மாலை. மாலையின் ஈரம் அட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்து, வீரமங்கையின் கடைசி முழக்கத்தை நமக்கு வழங்க, அவருடைய கணவர் சந்தோஷ்!"

ஏறினேன். குனியவில்லை. சவுரிராயன் கோணமானியோடு பாதி எழுந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஸ்டூலுக்குப் போய் மாலையை எடுத்துத் தூதரக நாற்காலியில் வைத்தேன். நோட்டைச் சட்டையில் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த குண்டூசி குத்தியது. உருவி, அது குத்தியிருந்த வெள்ளைத்தாளோடு சேர்த்துப் பையில் போட்டேன்.

"தம்பி, பேசிட்டுத்தான் வாங்கணும்," என்று மாசிலாமணி ரகசியமாகச் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "விதி ஒம்பது."

"பேசறேன் சார்."

அட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தேன். மைக்கை என் உயரத்துக்கு இழுத்தேன். கீச்சென்றது.

"பதினாலாம் கலத்தை நான் காலியா வுட்டது தெரியாததால இல்ல," என்றேன். "அதுல கொரியா தொடர்பான்னு போட்டிருந்துது. அவ கொரியா பத்தி ஒண்ணும் சொல்லல. தமிழ் பத்தியும் சொல்லல. நாலாம் நாள் காலையில ஆஸ்பத்திரியில தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கினு போனாங்க. வீல் சேர்ல உக்காந்திருந்தா. வாசல்ல செருப்பைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டினா. கதவைத் தொறந்தாங்க. தள்ளிக்கினு போறப்ப திரும்பி என்னைப் பாத்தா. பாத்து ஒண்ணு சொன்னா. அதுக்கப்புறம் அவ பேசல."

சாப்பாட்டுக்கு வந்தவர்கள்கூடத் தலை தூக்கினார்கள். மாசிலாமணி குறிப்பேட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார்.

"'யோவ், செருப்பு புதுசு. பாத்துக்க. எவளாவது மாட்டிக்கினு போயிடப் போறா.'"